எங்கள் தெருத் தண்ணீர் கடலில் சேரும் இடம்

வேளச்சேரியில் எங்கள் தெருவில் நின்ற மழைத்தண்ணீர் எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது என்று 2023 டிசம்பரில் என் மகள் கேட்டாள். மிக்ஜாம் புயல் கடந்து மூன்றாம் நாள். கரண்ட் இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து தண்ணீர் எத்தனை படி இறங்கியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகும், அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்கிற வடிகால், அப்புறம் பக்கிங்காம் கால்வாய், கடைசியில் முட்டுக்காட்டில் கடல் என்றேன். "நீ பார்த்திருக்கியாப்பா?" என்றாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) அங்கே இருக்கும் பாலத்தின் மேல் நூறு தடவை போயிருப்பேன். பார்த்ததில்லை.

முட்டுக்காட்டு உப்பங்கழியில் வழிகாட்டியோடு கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் போகலாம் என்று தெரிந்து அடுத்த வருஷம் நவம்பரிலேயே போன் செய்தேன். கோவளம் மீனவக் குடும்பத்துப் பையன் ஒருவர் பேசினார். "இப்ப வேணாம் சார். மேலேருந்து வெள்ளம் வரும், ஆகாயத்தாமரை மொத்தமா அடிச்சுகிட்டு வரும். பொங்கல் கழியட்டும்." பொங்கல் முடிந்ததும் கூப்பிட்டால், வாடைக் காற்று இன்னும் அடங்கவில்லை என்றார். பிப்ரவரி, மார்ச்தான் அவர் கணக்கில் நல்ல காலம். மழைவெள்ளம் வடிந்திருக்கும், கடல் அமைதியாக இருக்கும், வலசைப் பறவைகளும் திரும்பிப் போயிருக்காது. அதற்குப் பிறகு தென்காற்று பிடித்துவிடும். வருகிற காசை வேண்டாம் என்று இரண்டு முறை தள்ளிய மனிதர் மேல் எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, கழியின் மேற்குக் கரையில் போய் நின்றபோது கோவளம் பக்கமிருந்து பாங்கு சத்தம் தண்ணீரின் மேல் மிதந்து வந்தது. லைஃப் ஜாக்கெட்டின் வார்களை எங்கள் இருவருக்கும் அவரே இழுத்துக் கட்டினார். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். காதுவரை ஏறினால் தளர்வாக இருக்கிறதாம், மறுபடி கட்டு.

அது இருவர் உட்காரும் கயாக். உள்ளே நுழைந்து உட்கார்வதல்ல, மேலேயே உட்கார்வது. தரையில் ஓட்டைகள் இருப்பதைப் பார்த்து மகள் பயந்தாள். மேலே ஏறுகிற தண்ணீர் வடிவதற்குத்தான் அது என்று அவர் சொன்ன பிறகே உட்கார்ந்தாள். முன்னால் இருப்பவர் போடுகிற தாளத்துக்குப் பின்னால் இருப்பவர் துடுப்பு போட வேண்டும், திருப்புவதும் பின்னால் இருப்பவர் வேலை. கையால் மட்டும் வலித்தால் பத்து நிமிடத்தில் தோள் கழன்றுவிடும். காலை ஊன்றி, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி வலிக்க வேண்டும். "கை சும்மா புடிச்சுகிட்டா போதும் பாப்பா, முதுகு வேலை செய்யட்டும்" என்றார். அவள் உடனே கற்றுக்கொண்டுவிட்டாள். எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

முதலில் வடக்கே, கால்வாய் கழியில் கலக்கும் பக்கம் கூட்டிப்போனார். தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78இல், கஞ்சிக்கு வழியில்லாத ஜனங்களை வைத்துக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே சுமார் எட்டு கிலோமீட்டர் வெட்டி இணைத்த பிறகுதான் இதற்கு அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வந்தது. ஒரு காலத்தில் இதில் உப்பும் விறகும் தோணியில் போயின. இப்போது கருத்த தண்ணீர் வருகிறது. கழியின் தண்ணீரோடு அது சேரும் இடத்தில் நிறம் மாறுவது துடுப்பு நுனியிலேயே தெரிந்தது. நாங்கள் வீட்டில் ஊற்றுவதும் கழுவுவதும் இதில் இருக்கிறது. மகள் ஒன்றும் பேசவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அப்படியும் அந்தக் கழியில் உயிர் இருக்கிறது. நாங்கள் திரும்பியபோது மடவை மீன்கள் துள்ளின. ஒன்று கயாக்கின் மூக்கைத் தாண்டி விழுந்தது. இடுப்பளவு தண்ணீரில் ஒரு அம்மா முகத்தை மட்டும் மேலே வைத்துக்கொண்டு இரண்டு கைகளாலும் அடியில் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார். வாயில் ஓலைப் பறியைக் கவ்வியிருந்தார். கை மேலே வரும், இறால் பறிக்குள் போகும், கை மறுபடி கீழே போகும். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. விரல்தான். அலை அவர் மேல் படக் கூடாது என்று வழிகாட்டி எங்களைத் துடுப்பை நிறுத்தச் சொன்னார். சத்தமில்லாமல் மிதந்து கடந்தோம். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே இன்னொரு முறை போவேன்.

பாலத்துக்கு அடியில் போகும்போது தூண்களைத் தொட வேண்டாம் என்றார். சிப்பி அப்பிக் கிடக்கிறது, பிளேடு மாதிரி கிழிக்கும். மேலே பஸ் போனால் அடியில் அந்த அதிர்வு நெஞ்சில் கேட்கிறது.

பாலம் தாண்டியதும் நீரோட்டம் எங்களை இழுக்க ஆரம்பித்தது. கடல் ஓதம் வடிந்துகொண்டிருந்த நேரம். முகத்துவாரம் வழியாகக் கடலுக்குள் இறங்கிக் கோவளம் கரையில் ஏறுவதுதான் திட்டம். ஐம்பது மீட்டர் முன்னாலேயே கையைத் தூக்கி நிறுத்தினார். எனக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. "அந்த வெள்ளைக் கோடு பாருங்க. உள்ளேருந்து போற தண்ணியும் வெளியேருந்து வர்ற அலையும் அங்க முட்டுது. இப்ப போனா கவுத்துடும்." மேலே விவாதமில்லை. கயாக்கை மணல்திட்டில் இழுத்துப் போட்டுவிட்டு நடந்தோம்.

சரி, அதுவே நல்லதாகப் போயிற்று. மணல்திட்டில் நின்றபோதுதான் முகத்துவாரம் முழுசாகத் தெரிந்தது. நூறு தடவை பாலத்தின் மேல் போனவன் எதிர்பார்த்ததைவிடச் சின்னது. துடுப்பை மணலில் குத்தி நிறுத்தி அவர் விளக்கினார். மழைக்காலத்து வெள்ளம் இதை அகலமாக உடைத்துக்கொண்டு போகும். வெள்ளம் நின்றதும் கடல் மணலைக் கொண்டுவந்து அடைக்கும். சென்னைக் கரையில் வருஷக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கேதான் நகர்கிறது. துறைமுகச் சுவர் அதை மறித்ததால்தான் மெரினா அகன்றது, ராயபுரம் பக்கம் அரித்தது. இங்கே அதே மணல் வாயை மூடுகிறது. "மழைக்கு முன்னாடி இது தொறந்து இருக்கணும் சார். இல்லன்னா தண்ணி எங்க போகும்? உங்க வேளச்சேரிக்குத்தான் திரும்பும்."

2015 வெள்ளத்தில் அப்பாவோடு ஃபைபர் படகில் வேளச்சேரிக்கு வந்து ஆட்களை ஏற்றினாராம். எந்தத் தெரு என்று கேட்டேன். பேர் தெரியாது, ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஒரு பாட்டி துளசித் தொட்டியை விட்டு வரமாட்டேன் என்று அழுதார், தொட்டியையும் ஏற்றிக்கொண்டோம் என்றார்.

மகள் ஓடும் தண்ணீரின் விளிம்பில் உட்கார்ந்து கையை உள்ளே விட்டாள். வேகமாக இழுக்கிறது என்றாள். தலைக்கு மேலே ஆலாக்கள் வட்டமடித்து, ஒவ்வொன்றாக அந்த வெள்ளைக் கோட்டில் தலைகுப்புற விழுந்து மீனோடு எழுந்தன. ஒன்பது மணிக்குக் கிழக்கிலிருந்து காற்று எழும்பியது. அது வலுக்கும் முன் கரை சேர வேண்டும் என்று அவர் கயாக்கைத் தண்ணீரில் தள்ளினார். இந்த முறை பின்னால் உட்கார்வேன் என்றாள் அவள்.