பட்டம் கட்டினால் வாய் மூடும்: கிழக்கில் தேர்தல் செய்தி எழுதும் வேலை பற்றி

2024 நவம்பர் 14 இலங்கை நாடாளுமன்றத் தேர்தலில் நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் 21இல் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெற்றது. மிஞ்சிய ஒன்று மட்டக்களப்பு. முடிவு வந்த கையோடு இந்த மாவட்டத்துக்கு இரண்டு பட்டம் கட்டிவிட்டார்கள். கொள்கை மாறாத மண் என்றது ஒரு தரப்பு. இனவாதத்தை விடாத மண் என்றது மறு தரப்பு. முடிவுத் தாளை எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது 96,975 வாக்கு. செல்லுபடியான வாக்குகளில் அது மூன்றில் ஒரு பங்குதான். முதலாவதாக வரும் கட்சிக்குரிய போனஸ் ஆசனமும் சேர்ந்ததால் ஐந்தில் மூன்று ஆசனம் வந்தது. தேசிய மக்கள் சக்தி 55,498 வாக்குடனும் முஸ்லிம் காங்கிரஸ் 40,139 வாக்குடனும் ஒவ்வோர் ஆசனம் எடுத்தன. அதற்கு எட்டு வாரத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்பு, செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் இதே மாவட்டத்தில் முதலில் நின்றவர் ஐக்கிய மக்கள் சக்தியின் சஜித் பிரேமதாச. செப்டம்பரில் அவருக்குப் போட்டுவிட்டு நவம்பரில் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்குப் போட்ட ஒரு கமக்காரரை இந்த இரண்டு பட்டத்தில் எதற்குள் அடக்குவது?

மாவட்டச் செய்தி மேசையில் வேலை செய்கிறவர்களுக்கு இது வெறும் நியாய அநியாயப் பிரச்சினையாக மட்டும் இருப்பதில்லை. தொழிலையே கெடுக்கிற பிரச்சினை. பட்டம் கட்டிய செய்தியைப் படித்தவர் அடுத்த தடவை நிருபரைக் கண்டால் கதைக்கமாட்டார். கதைக்கிறவர்கள் கட்சிக்காரர்கள் மட்டும் என்று ஆகிவிடும். அவர்கள் சொல்வதை வைத்து எழுதும் கணிப்பு பிழைக்கும். பிழைத்த கணிப்பைப் பார்த்தபின் பத்திரிகையை நம்பியவரும் நம்பமாட்டார். ஊடகத்தின்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று கருத்தரங்கு வைக்கிறோம். அது எந்த வழியால் போகிறது என்று பார்த்தால் பாதி வழி நம் தலைப்புகளுக்குள்தான் இருக்கிறது.

இந்தப் பகுதியில் ஆட்கள் வாக்கை வெளியே சொல்லாததற்குக் கூச்சம் காரணமல்ல. சந்தியில் நின்று சொன்ன ஒரு சொல்லுக்காக ஆள் காணாமற்போன காலத்தைக் கண்டவர்கள் இன்னும் நம் நடுவே இருக்கிறார்கள். துரோகி என்ற பெயர் முதலில் வரும், மற்றது பின்னால் வரும். 2004இல் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா இயக்கத்தை விட்டுப் பிரிந்த பிறகு ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டு பக்கம் இருந்தது. எழுதுகிறவர்களுக்கும் விலக்கு இருக்கவில்லை. ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இதே மண்ணில் பிறந்த தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28 கொழும்பில் கடத்தப்பட்டு மறுநாள் பிணமாகக் கிடந்தார். இந்த வரலாறு தெரிந்த ஊரில் 'ஒட்டுக்குழு', 'கைக்கூலி', 'புலி', 'அடிப்படைவாதி' என்ற சொற்களை மேடைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. கேட்கிறவருக்கு அது எச்சரிக்கை.

ஆகவே கேட்கும் முறை முக்கியம். குருக்கள்மடம் துறையில் அம்பிளாந்துறைக்குப் போகும் பாதைக்காக (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) காத்து நிற்கும் பத்துப் பேரிடம் மைக்கை நீட்டி "இம்முறை ஆருக்கு?" என்று கேளுங்கள். முதலாவது ஆள் "பாப்பம் தம்பி" என்பார். மற்ற ஒன்பது பேரும் அதையே சொல்வார்கள், அல்லது அக்கரையைப் பார்ப்பார்கள். கூட்டத்தில் முதலில் எழும் குரல் மற்றவர்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறது. அதே ஆட்களைத் தனித்தனியே, வயல் வரம்பிலோ கிளினிக் வாசலிலோ பிடித்தால் கதை வேறு.

நடைமுறையில் பலன் தருவது இதுதான். சின்னம் ஒட்டிய மைக் வேண்டாம், கமெரா பைக்குள் இருக்கட்டும், கைபேசியில் பதிவு செய்வதில்லை என்று முதலே சொல்லிவிட வேண்டும். கொப்பியில் பெயர் எழுதுவதில்லை. ஊர், ஏறத்தாழ வயது, தொழில் போதும். கட்சி அமைப்பாளர் அழைத்துப்போகும் வீட்டுக்குப் போகாமல் வேறு ஒழுங்கையில் தொடங்க வேண்டும். ஓர் ஊரில் மூன்று ஒழுங்கையில் பத்துப் பன்னிரண்டு பேர், அதில் பாதி பெண்கள் என்று வைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும். பெண்களிடம் கேட்க நல்ல இடம் நுண்கடன் கூட்டம் முடிந்து கலையும் நேரம். கணவரோ கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரோ பக்கத்தில் நின்றால் கேட்டுப் பயனில்லை.

யாருக்கு வாக்கு என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். "போன முறை வாக்குக் கேட்டு வந்தவர் இந்த மழைக்குள்ள ஒருக்காவது வந்தவரா?" என்று கேட்டால் மடை திறக்கும். "உங்கட பக்கத்து வீடுகளில் என்ன மாதிரிக் கதைக்கினம்?" என்று கேட்டால் அயலவரின் பெயரில் தன் மனதைச் சொல்வார். "வாக்களிக்கப் போகாமல் விட யோசனை இருக்கா?" என்பதையும் கேட்க வேண்டும், ஏனென்றால் மௌன வாக்காளரில் ஒரு பகுதி வாக்களிக்காதவர். நாடு முழுவதும் ஜனாதிபதித் தேர்தலில் 79.46 வீதமாக இருந்த வாக்களிப்பு நவம்பரில் 68.93 வீதமாக இறங்கியது. நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 300,300இலிருந்து 667,240க்கு ஏறின. அவற்றில் எத்தனை கோபத்தில் கிறுக்கியவை, எத்தனை தெரியாமல் பிழைத்தவை என்று தாளைப் பார்த்துப் பிரிக்க முடியாது. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எழுதிப் பழகியவருக்கு நாடாளுமன்ற வாக்குச்சீட்டு வேறு. கட்சிக்கு நேரே புள்ளடி போடாமல் விருப்பு எண்ணுக்கு மட்டும் போட்டால் சீட்டு செல்லாது. மூன்றுக்கு மேல் விருப்பு இட்டால் கட்சிக்கு வாக்குச் சேரும், விருப்பு சேராது. இதை ஒவ்வொரு தேர்தலுக்கும் படம் போட்டு விளக்கும் பத்திரிகையை ஆட்கள் வெட்டி வைத்துக்கொள்கிறார்கள். நம்பிக்கை அப்படித்தான் ஊறுகிறது.

பன்னிரண்டு பேரிடம் கேட்டதை வீதக் கணக்காக எழுதக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது கருத்துக்கணிப்பு ஆகாது. ஊர் எதைப் பற்றிக் கதைக்கிறது என்று எழுதலாம். எத்தனை வீதம் யாருக்கு என்று எழுதினால் அது பொய்.

அம்பாறைக்கு வந்தால் பட்டம் கட்டுதலின் இன்னொரு கேடு தெரியும். 2020 ஓகஸ்ட் 5 நாடாளுமன்றத் தேர்தலில் திகாமடுல்ல (அம்பாறையின் தேர்தல் மாவட்டப் பெயர்) மாவட்டத்தில் தமிழ் வாக்கு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் தமிழரசுக் கட்சி, மறுபக்கம் அகில இலங்கை தமிழர் மகாசபையில் கருணா அம்மான் எனப்படும் விநாயகமூர்த்தி முரளிதரன். இரு தரப்பும் தலா 25,000க்கு மேல் வாக்கு எடுத்தும் ஒரு தமிழர்கூட அங்கே தெரிவாகவில்லை. வேட்பாளரின் கடந்தகாலம் பற்றி எழுத நிறைய இருந்தது, எழுதத்தான் வேண்டும். ஆனால் வேட்பாளருக்குக் கட்டிய பட்டம் சத்தமில்லாமல் வாக்காளர்மேல் இறங்கிவிட்டது. காரைதீவிலும் ஆலையடிவேம்பிலும் திருக்கோவிலிலும் அவருக்குப் போட்டவர்கள் என்ன எண்ணத்தில் போட்டார்கள் என்ற கேள்வி பின்னுக்குப் போனது. கல்முனை வடக்கு பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் தமிழர் கோரிக்கை 2019 ஜூனில் உண்ணாவிரதம்வரை போயிருந்தது. அந்தச் செயலகத்துக்கு நிதி அதிகாரம் இல்லாவிட்டால் ஒரு குடும்பத்தின் அலுவல் எங்கே தடைப்படுகிறது, கல்முனையில் வாழும் முஸ்லிம் குடும்பத்துக்கு அந்தப் பிரிப்பில் என்ன பயம் என்று இரண்டையும் ஒரே பக்கத்தில் விளக்கினால் தமிழர் முஸ்லிம் என்ற இரண்டு சொல்லுக்குள் செய்தி சிக்காது. இது உழைப்பு வேண்டிய வேலை. பட்டம் கட்டுவதற்கு உழைப்பு வேண்டியதில்லை, அதனால்தான் அது மலிந்திருக்கிறது.

அம்பாறை நகரின் 2018 பெப்ரவரி 26 இரவை இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஒரு கட்டி கிடந்தது. கருத்தடை மருந்து போட்டாயா என்று கூட்டம் சிங்களத்தில் நெருக்கியது. சிங்களம் சரியாக விளங்காத ஊழியர் பயத்தில் ஆமென்று தலையாட்டினார். அதைக் கைபேசியில் பிடித்துப் பரப்பினார்கள். அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. பின்னர் அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது மாப்பொருள் கட்டி என்று தெரிந்தது. சில நாட்களில் கண்டிப் பக்கம் திகனையில் வன்முறை வெடித்தது. அரசு சமூக ஊடகங்களையே முடக்கியது.

அந்தக் காணொளியை இன்று ஒரு செய்தி மேசையில் வைத்தால் என்ன செய்ய வேண்டும்? முதலில் சத்தமில்லாமல் ஒரு தடவை பார்க்க வேண்டும். அப்போது யார் எங்கே நிற்கிறார், பதில் சொல்கிறவரைச் சுற்றி எத்தனை பேர், அவர் வெளியே போக வழி இருக்கிறதா என்பது கண்ணில் படும். பிறகு சத்தத்தோடு பார்த்து, கேள்வி எந்த மொழியில், பதில் எந்த மொழியில் என்று குறிக்க வேண்டும். கேள்வியின் மொழி பதில் சொல்கிறவரின் மொழி இல்லையென்றால் அதை வாக்குமூலம் என்று எழுதவே கூடாது. காணொளி எந்த இடத்தில் தொடங்குகிறது, அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று விசாரிக்க வேண்டும். இவ்வளவுக்கும் கால் மணித்தியாலம் போதும். அந்தக் கால் மணித்தியாலத்துக்குள் வேறு யாரோ முந்திவிடுவார்கள், முந்தட்டும்.

தலைப்பில் மேற்கோள்குறி போட்டுப் பட்டத்தைப் போடும் வழக்கம் பரவியிருக்கிறது. சொன்னது அவர், நாங்கள் இல்லை என்பது நியாயம். செய்தி இன்று வாட்ஸ்அப்பில் போவது கார்டாக: மேலே ஒரு முகம், கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி, மூலையில் பத்திரிகையின் சின்னம். கைபேசித் திரையில் மேற்கோள்குறி கண்ணுக்குத் தெரிவதில்லை, சின்னம் தெரிகிறது. பட்டத்துக்கு நாம் முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடுகிறது. மேசையில் ஒரு வழக்கம் வைக்கலாம்: பட்டம் வரும் இடத்தில் அதை எடுத்துவிட்டு, எந்தச் செயலுக்காகச் சொன்னார், எந்த ஆண்டு, எந்த வாக்கெடுப்பு, எந்தக் காணி என்று எழுதச் சொல்வது. செயல் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அந்த வசனத்தில் செய்தியே இல்லை. சாட்டப்பட்டவரை ஒருதரம் அழைத்து அவர் எடுக்காததும் 'தொடர்புகொள்ள முடியவில்லை' என்று எழுதுவது நியாயமல்ல. மூன்று தடவை அழைத்து, குறுஞ்செய்தி அனுப்பி, எத்தனை மணிவரை காத்திருந்தோம் என்பதையும் செய்தியிலேயே சொன்னால் வாசகர் தானே தீர்மானிப்பார்.

வேட்பாளர் விவாதம் ஏற்பாடு செய்கிறவர்களுக்கு ஒன்று. பார்வையாளருக்கு மைக்கைக் கொடுத்தால் அது முன்வரிசை ஆதரவாளர் கையில்தான் போய் நிற்கும். வாசலில் காகிதமும் பேனையும் வைத்து, கேள்விகளைப் பெயரில்லாமல் பெட்டியில் போடச் சொல்லி, நடுவர் வாசிக்க வேண்டும். அப்படிச் செய்தால் பின்வரிசைப் பெண்களின் கேள்வியும் மேடைக்கு வரும்: தண்ணீர், யானை வேலி, நுண்கடன் தவணை, மயிலத்தமடு மேய்ச்சல் தரை. ஒன்றரை மணித்தியாலத்துக்கு நான்கு வேட்பாளர் போதும், அதற்கு மேல் போனால் எல்லாரும் சுலோகம்தான் சொல்வார்கள். மறுப்புப் பேச முதல், எதிராளியின் நிலைப்பாட்டை அரை நிமிடத்தில் சொல்லவேண்டும், எதிராளி "ஓம், அதுதான் நான் சொன்னது" என்றபின்தான் மறுக்கலாம் என்று ஒரு விதி வையுங்கள். பட்டம் கட்டிப் பழகிய பேச்சாளர் அங்கே தடுமாறுவதைச் சபையே பார்க்கும்.

வாக்களிப்புக்கு முந்திய 48 மணித்தியாலம் பிரசாரம் தடை. வதந்திக்கு அதுதான் அறுவடைக் காலம், ஏனென்றால் வேட்பாளர் கூட்டம் வைத்துப் பதில் சொல்ல முடியாது. 2013 வட மாகாண சபைத் தேர்தலில், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வேட்பாளர் அனந்தி சசிதரன் அரசு பக்கம் மாறிவிட்டார் என்று உதயன் பத்திரிகையின் போலிப் பதிப்பே அச்சிட்டு யாழ்ப்பாணத்தில் விநியோகித்தார்கள். அவர் விருப்பு வாக்கில் இரண்டாவதாக வந்தார். போலி எடுபடாமல் போனதற்கு உண்மைப் பத்திரிகையை ஆட்கள் அறிந்து வைத்திருந்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

வாக்கு எண்ணும் இரவில் மட்டக்களப்பு மாவட்ட முடிவுகள் ஓர் ஒழுங்கில் வரும்: தபால் மூல வாக்கு, பிறகு கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்புத் தொகுதிகள், மாவட்ட முடிவு, ஆசனம், எல்லாவற்றுக்கும் கடைசியாக விருப்பு வாக்கு. ஆசனம் தெரிந்து ஆள் தெரியாத அந்த மணித்தியாலங்களில்தான் போலித் தாள்கள் சுற்றும். கட்சிகளினதும் சுயேச்சைக் குழுக்களினதும் வாக்கைக் கூட்டிப் பாருங்கள், செல்லுபடியான தொகை வர வேண்டும். அதோடு நிராகரிக்கப்பட்டதைக் கூட்டினால் அளிக்கப்பட்ட மொத்தம் வர வேண்டும். போலி செய்கிறவர் பெரும்பாலும் கணக்குப் பார்ப்பதில்லை. கணக்குச் சரியாக இருந்தாலும் தெரிவத்தாட்சி அலுவலர் அறிவிக்கும்வரை போடக்கூடாது.

தேர்தல் முடிந்து இரண்டு கிழமை கழித்து அதே ஒழுங்கைகளுக்குத் திரும்பப் போகிற நிருபர்கள் மிகக் குறைவு. பொலிஸ் காவலும் பட்டாசும் ஓய்ந்த பிறகு ஆட்கள் தாமாகவே சொல்வார்கள்: யாருக்குப் போட்டார்கள், எந்த நாளில் மனம் மாறியது, எதைக் கேட்டு மாறியது, எந்தப் பத்திரிகையில் வந்ததை நம்பவில்லை. எந்த நாள், எதைக் கேட்டு என்ற இரண்டையும் தவறாமல் குறித்துக்கொண்டு வந்தால் அடுத்த தேர்தலுக்கு எங்கே போய் யாரிடம் கேட்பது என்பது அந்தக் கொப்பியிலேயே இருக்கும்.