'செய்தது' என்று எழுதும் முன்: சர்வதேச உறவுக் கோட்பாடுகளைப் படித்த அனுபவம்

முதுகலை இரண்டாம் ஆண்டில் திருத்தி வந்த ஒரு விடைத்தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பனிப்போர் பற்றிய கேள்வி. "1945 முதல் 1991 வரை உலகில் நீண்ட அமைதி நிலவியது; அணு ஆயுதச் சமநிலையே அதற்குக் காரணம்" என்று விடையைத் தொடங்கியிருந்தேன். 'உலகில்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். ஓரத்தில் ஆசிரியர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "கொரியாவில்? வியட்நாமில்?"

மதிப்பெண் போன வருத்தம் இரண்டு நாளில் ஆறிவிட்டது. அந்த வாக்கியத்தை எப்படி எழுதினேன் என்ற கேள்விதான் விடவில்லை. கொரியப் போர் 1950இல் தொடங்கியது எனக்குத் தெரியும். வியட்நாம், காங்கோ, 1971 வங்கதேசம், எட்டு ஆண்டு இழுத்த ஈரான்-ஈராக் போர் எல்லாமே தெரியும். தெரிந்திருந்தும் கை 'அமைதி' என்று எழுதிவிட்டது. மூலத்தைத் தேடிப் படித்தேன். அமெரிக்க வரலாற்றாளர் ஜான் லூயிஸ் காடிஸ் 1986இல் எழுதிய 'நீண்ட அமைதி' கட்டுரை, வல்லரசுகள் தமக்குள் நேரடியாகப் போர் தொடுக்காததை விளக்குவது. அந்தக் கட்டுரையிலிருந்து கையேட்டுக்கும், கையேட்டிலிருந்து என் குறிப்பேட்டுக்கும் வந்து சேர்வதற்குள் 'வல்லரசுகளுக்கிடையே' என்ற சொல் உதிர்ந்துவிட்டிருந்தது.

இந்தப் பாடத்தைப் படிக்கத் தொடங்குபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். கோட்பாட்டிலேயே இருக்கும் சார்பு ஒன்று; சுருக்கி எழுதும்போது நாம் சேர்க்கும் சார்பு இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகாமல் "இந்தக் கோட்பாடு ஒருதலைப்பட்சமானது" என்று எழுதினால், பாதி நேரம் கையேட்டின் பிழையைக் கோட்பாட்டை எழுதியவர் தலையில் கட்டுகிறோம்.

எடுகோள், அதாவது விளக்கத்தைத் தொடங்க உண்மையென வைத்துக்கொள்ளும் அனுமானம், வைத்திருப்பதே குற்றம் என்றும் நினைக்க வேண்டாம். அரசுகளின் நடத்தையைச் சர்வதேச அமைப்பை வைத்து விளக்கிய கோட்பாட்டாளர் கென்னத் வால்ட்ஸ், 'சர்வதேச அரசியல் கோட்பாடு' என்ற 1979 நூலில் தெளிவாகவே சொல்கிறார்: எடுகோள் உண்மையா பொய்யா என்று பார்ப்பதைவிட, விளக்கத்துக்குப் பயன்படுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். நியாயமான வாதம். ஆனால் படிக்கப் படிக்க எடுகோள் என்பது மறந்துபோய், உலகமே அப்படித்தான் என்று மனம் நம்பத் தொடங்கிவிடுகிறது. தொல்லை அங்கேதான்.

'அரசு என்பது ஒரே மனம் கொண்ட ஆள்' என்ற எடுகோளை எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் பிடிக்கத் தமிழ் இலக்கணமே எனக்கு உதவியது. நாடு அஃறிணை. அதனால் 'அமெரிக்கா முடிவு செய்தது', 'சோவியத் ஒன்றியம் சுட்டு வீழ்த்தியது' என்று எழுதுகிறோம். வாக்கியம் இலக்கணப்படி நிறைவாக இருப்பதால், யார் என்று கேட்கவே தோன்றாது. அந்த வினைமுற்றை 'செய்தனர்', 'வீழ்த்தினர்' என்று மாற்றிப் பாருங்கள். உடனே எழுவாய் தேட வேண்டிவரும்.

கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டதால் இரு வல்லரசுகளும் போரின் விளிம்புக்குச் சென்ற கியூபா ஏவுகணை நெருக்கடியில் இதைச் செய்து பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 1962 அக்டோபர் 27 அன்று கியூபாவுக்கு மேலே பறந்த அமெரிக்க யூ-2 உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. 'சோவியத் ஒன்றியம் வீழ்த்தியது' என்றுதான் என் குறிப்பில் இருந்தது. 'வீழ்த்தினர்' என்று மாற்றி, யார் என்று தேடினால், கியூபாவில் இருந்த சோவியத் தளபதிகள் மாஸ்கோவின் ஒப்புதல் இல்லாமலே எடுத்த முடிவு அது. சோவியத் தலைவர் குருஷேவ் அதை விரும்பவில்லை. அதே நாளில் இன்னொரு யூ-2 விமானம் வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்தது; அதுவும் வெள்ளை மாளிகை உத்தரவிட்டு நடந்ததல்ல. இரண்டு தலைநகரங்களும் திட்டமிடாத இரண்டு சம்பவங்கள். ஒவ்வொன்றையும் எதிர்த்தரப்பு திட்டமிட்ட நகர்வாகப் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ராபர்ட் ஜெர்விஸ் 1976இல் காட்டிய சார்பு இதுதான்: எதிராளியின் செயல்கள் உண்மையில் இருப்பதைவிட ஒருங்கிணைந்தவையாகவும் திட்டமிட்டவையாகவும் நமக்குத் தோன்றுகின்றன. தலைவர்களுக்கு உள்ள அந்தச் சார்பையே கோட்பாடும் எடுகோளாக வைத்துக்கொண்டால், சார்பைப் பார்க்கும் கண்ணாடியே போய்விடுகிறது. இந்த நெருக்கடியின் முடிவுகளை விளக்க கிரஹாம் அலிசன் 1971 நூலில் விரித்த மூன்று மாதிரிகளை மனப்பாடம் செய்வதைவிட, பத்து வாக்கியங்களில் வினைமுற்றை மாற்றிப் பார்ப்பது எனக்கு அதிகம் கற்றுத் தந்தது.

அடுத்து 1648, ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரை முடித்த வெஸ்ட்ஃபேலியா உடன்படிக்கைகளின் ஆண்டு. 'வெஸ்ட்ஃபேலியா உடன்படிக்கையோடு இறையாண்மை அரசு பிறந்தது' என்பது கிட்டத்தட்ட எல்லா விடைத்தாளிலும் வரும் வரி. மூன்ஸ்டர், ஒஸ்னப்ருக் என்ற இரு நகரங்களில் கையெழுத்தான அந்த உடன்படிக்கைகளில், இறையாண்மையைப் பொதுக் கோட்பாடாக அறிவிக்கும் விதி கிடையாது. பெரும்பகுதி புனித ரோமப் பேரரசின் உள்விவகாரம், சமய உரிமை, நிலப்பகிர்வு பற்றியது. பிரான்ஸும் சுவீடனும் உடன்படிக்கைக்கு உத்தரவாதம் அளித்தவர்கள்; அதாவது மீறல் நடந்தால் தலையிட வழி வைத்த ஏற்பாடு. 'தலையிடாமைக் கொள்கை பிறந்த நாள்' என்று நாம் கொண்டாடுவதற்கு நேர் எதிரான விஷயம். பேரரசும் 1806 வரை நீடித்தது. ஆந்திரேயாஸ் ஒசியாண்டர் 2001இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

தேர்வில் "வெஸ்ட்ஃபேலியா ஒரு கட்டுக்கதை" என்று எழுதிவிட்டு நிறுத்தக் கூடாது. அதனால் என்ன மாறுகிறது என்று சொல்ல வேண்டும். ஐ.நா. தொடங்கியபோது உறுப்பினர் 51, இன்று 193. 1960ஆம் ஆண்டில் மட்டும் 17 நாடுகள் சேர்ந்தன, ஒன்றைத் தவிர எல்லாம் ஆப்பிரிக்க நாடுகள். இன்றைய அரசுகளில் பெரும்பாலானவற்றுக்கு இறையாண்மை காலனிய எதிர்ப்பின் வழியாகவே வந்தது. அப்படியானால் காலனிய விடுதலை இந்தப் பாடத்தின் நடு அத்தியாயமாக இருக்க வேண்டும். பல பாடநூல்களில் அது கடைசி அத்தியாயம். இந்த ஒரு வரியை எழுதினால் உங்கள் விமர்சனத்துக்கு எடை வந்துவிடும்.

இந்தத் துறை பிறந்த கதையையும் இப்படிச் சோதிக்கலாம். 1919இல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள ஆபெரிஸ்ட்வித்தில் முதல் பேராசிரியர் பதவி, போரைத் தடுக்கும் நோக்கம் என்று படிக்கிறோம். ஆனால் அதற்கு முன்பே, 1910இல் அமெரிக்காவில் ஓர் ஆய்விதழ் தொடங்கியது. அதன் பெயர் 'இன வளர்ச்சி இதழ்'. 1919இல் 'சர்வதேச உறவுகள் இதழ்' என்று பெயர் மாறி, 1922இல் 'ஃபாரின் அஃபேர்ஸ்' இதழோடு இணைந்தது. இதைப் படித்த அன்று வேறு எதையும் படிக்க முடியவில்லை. 1915இலேயே அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸ், முதல் உலகப் போரின் வேர்களை ஆப்பிரிக்காவுக்கான போட்டியில் தேடி எழுதியிருந்தார். போரின் காரணங்கள் பற்றிய என் பாடத்திட்டத்தில் அவர் பெயர் எங்கும் வரவில்லை. பாலினம் பற்றி ஆன் டிக்னர் 1988 கட்டுரையைப் படியுங்கள். அரசியலை அதிகாரப் போட்டியாகப் பார்த்த மார்கெந்தாவின் ஆறு கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மாற்றி எழுதுகிறார், விமர்சனம் செய்யும் முறைக்கே அது நல்ல பயிற்சி.

இதையெல்லாம் படித்தபின் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். எந்தக் கேள்வி வந்தாலும் 'மேற்கத்தியச் சார்பு' என்று ஒரு பத்தி. அதே ஆசிரியர் கேட்டார்: "எந்த வரியில இருக்கு, காட்டுப்பா." காட்ட முடியவில்லை. அதன்பிறகுதான் வரியைக் காட்டும் பழக்கம் வந்தது. வால்ட்ஸ் 1979 நூலில், மலேசியாவையும் கோஸ்டா ரிக்காவையும் வைத்து சர்வதேச அரசியல் கோட்பாடு கட்டுவது நகைப்புக்குரியது என்ற பொருளில் ஓரிடம் வருகிறது. அதுதான் வரி. கோஸ்டா ரிக்கா 1948இல் ராணுவத்தையே ஒழித்து, 1949 அரசியலமைப்பில் அதை உறுதி செய்த நாடு. மேலே ஓர் அதிகாரம் இல்லாத உலகில் ஒவ்வொரு அரசும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும் என்ற கோட்பாட்டுக்கு இது ஒரு கடினமான கேள்வி. வால்ட்ஸ் தரப்பிலிருந்தும் பதில் வரும்: அமெரிக்கக் கண்ட நாடுகள் ஒன்றையொன்று காப்பதாக ஒப்புக்கொண்ட 1947 ரியோ உடன்படிக்கை இருந்தது, அமெரிக்காவின் நிழல் இருந்தது, சிறிய நாடுகளின் தேர்வு பெரிய அமைப்பை மாற்றிவிடாது. அந்தப் பதிலையும் எழுதிவிட்டு, ராணுவம் இல்லாமல் இருப்பதை அந்த நாடு ஏன் தேர்ந்தது என்ற கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது என்று காட்டினேன். நல்ல மதிப்பெண் வந்தது.

இதே காரணத்துக்காக 'கௌடில்யர் இந்தியாவின் மாக்கியவெல்லி' என்ற தொடரையும் விட்டுவிட்டேன். மேற்கத்தியச் சார்பைத் திருத்துவதாக நினைத்து, மேற்கின் அளவுகோலையே மறுபடி கையில் எடுப்பதாகிவிடுகிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் வரும் மண்டலக் கோட்பாட்டில் பன்னிரண்டு அரசர்கள் ஒரே மாதிரி அலகுகள் இல்லை. வெற்றியை நாடும் அரசனும், இடைநிலை அரசனும், ஒதுங்கி நிற்பவனும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறார்கள். அதை அதன் சொற்களிலேயே எழுதுங்கள்.

நேரம் குறைவாக இருப்பவர்கள் வால்ட்ஸ் நூலில் முதல், ஐந்தாம், ஆறாம் அத்தியாயங்களையாவது மூலத்தில் படித்துவிடுங்கள். படிக்கும்போது ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் நூலாசிரியர் சொன்ன எல்லையை அவர் சொன்னபடியே குறியுங்கள்: யாருக்கிடையே, எந்தக் காலத்தில், எதைத் தவிர்த்து. வலப்பக்கம் உங்கள் சுருக்கம். ஒரு வாரம் கழித்து எடுத்து இரண்டையும் ஒப்பிட்டு, வலப்பக்கத்தில் விடுபட்ட சொல்லைச் சிவப்பில் எழுதுங்கள்.