மார்கழிக்கு முன்

நவம்பர் 3

புது வீட்டுப் பின்பக்கம் மண்ணைத் தாங்குகிற சுவரில் தண்ணீர் வடிய 14 ஓட்டை. இன்று வடிந்தது 9.

நவம்பர் 4

வர்க்கி பிஸ்கட் கடையில் அட்டைப்பெட்டி கேட்டேன், நான்கு கொடுத்தார்கள். இனி எந்தப் புடவையை எடுத்தாலும் டால்டா வாசம்தான்.

நவம்பர் 6

பீரோவை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கப் பூஞ்சணம். வீட்டுக்காரருடைய கறுப்பு ஷூ பச்சை ஷூவாகியிருக்கிறது. 22 வருஷத்தில் இந்த குவார்ட்டர்ஸிலிருந்து எதையும் தூக்கி எறிந்ததே இல்லை போல. கும்முட்டி அடுப்பையும் மேலே கவிழ்க்கிற மூங்கில் கூடையையும் தனியாக எடுத்து வைத்தேன். "அது எதுக்கு அங்கே?" என்றார். அங்கே மட்டும் மழைக்காலத்தில் துணி தானாகக் காயுமா? கேட்டேன். பேப்பரை விரித்துக்கொண்டார்.

நவம்பர் 9

சாயங்காலம் எல்லநள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை. நனைந்துகொண்டே படி இறங்கி நேராகப் பின்பக்கம் போனேன். இடமிருந்து ஐந்தாவது இன்றும் வடியவில்லை. நான்காவதில் வருகிறது, ஆறாவதில் நன்றாகவே வருகிறது, நடுவில் இருப்பது மட்டும் காய்ந்து கிடக்கிறது. அது எப்படி?

மேஸ்திரியைக் கேட்டேன். "அக்கா, அதுக்குப் பின்னாடி தண்ணி இல்லேன்னு அர்த்தம். நல்லதுதானே" என்றார். சுவருக்குப் பின்னால் ஜல்லி ரொப்பினீர்களா, இல்லை வெட்டின மண்ணையே தள்ளி மூடினீர்களா என்று கேட்டேன். கேள்வி கேட்டது நான்; பதில் இவருக்குப் போனது. "எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கு சார்." மூடின அன்றைக்கு நான் அத்தையோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். இவர் நின்று பார்த்தாராம். எதைப் பார்த்தாரோ.

தெளிந்த தண்ணீர் வந்தால் பயமில்லை. கலங்கல் வந்தால் உள்ளே இருக்கிற மண் கரைந்து போகிறது. இவ்வளவு மழைக்கும் ஒன்றுமே வராவிட்டால் அந்தத் தண்ணீரைச் சுவர்தான் சுமந்துகொண்டு நிற்கிறது. எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. மலையில் பிறந்தவளுக்குச் சொல்லவும் வேண்டாம்.

நவம்பர் 10

2009-இல் இதே தேதி. கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை. எதிர்மலையில் பச்சைக்கு நடுவே செம்மண் கோடுகள் தெரிந்ததை இதே ஜன்னலில் நின்று பார்த்தோம். தம்பி அப்போது சின்னப் பையன், மலையை யாரோ கீறிவிட்டார்கள் என்றான்.

"அதுக்கப்புறமும் அங்கே ஆளுங்க இருக்கத்தானே செய்யறாங்க" என்கிறார். இருக்கிறார்கள். நான் இல்லை என்றேனா?

நவம்பர் 12

11.

நவம்பர் 13

ரோட்டிலிருந்து வீட்டுக்கு 58 படி. பீரோவை எப்படியாவது இறக்கிவிடுவார்கள். அத்தையை? நாற்காலியில் உட்கார வைத்து நாலு பையன்கள் தூக்கிக்கொள்ளலாம் என்று இவர் சொல்ல, அத்தை வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, "நாலு பேரு தூக்கிட்டுப் போறது ஒரே தடவைதான்டா. அதை ஏன் இப்பவே செலவு பண்ணணும்?" என்றார். சிரித்துவிட்டோம். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நவம்பர் 17

மேல் ஹட்டி கிராமத்திலிருந்து ஒரு பாட்டி வந்து பால்காய்ச்ச நாள் குறித்தாயிற்றா என்று விசாரித்தார். டிசம்பர் 11, விட்டால் மார்கழி, அப்புறம் தைதான் என்றேன். எங்கள் மனையில் முன்பு உருளைக்கிழங்கு போட்டிருந்தார்களாம். பேச்சோடு பேச்சாக, அவர் மாமியார் காலத்தில் இங்கே ஓடை ஒன்று திரும்பி ஓடும் என்றார். எங்கே என்றேன். கையை நீட்டினார். நீட்டிய கை எங்கள் சுவருக்கா, பக்கத்துக் காரட் தோட்டத்துக்கா, தெரியவில்லை. இன்னொரு தடவை கேட்க வாய் வரவில்லை.

நவம்பர் 18

இவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 21

வெயில்! விடிந்ததிலிருந்து வெயில். புது வீட்டுச் சமையலறையில் நின்று காரட் லாரிகள் பாலாடா பக்கம் போவதைப் பார்த்தேன். மேடை என் இடுப்புக்குச் சரியான உயரம். இத்தனை வருஷமும் குவார்ட்டர்ஸ் மேடையில் குனிந்தே சமைத்திருக்கிறேன். ஊட்டி ரயில் ஊதுவது இங்கேயும் கேட்கிறது, கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து. மாடி மேல் மாடி என்று இவர் போட்ட கணக்கு கட்டிடம் 7 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியால் நின்றதும் நல்லதுக்குத்தான், மொட்டை மாடியில் துணி காயும். பின்பக்கம் போகவே இல்லை.

நவம்பர் 22

போனேன். 6. ஐந்தாவது இல்லை.

நவம்பர் 29

பழைய குடைக்கம்பியை எடுத்துப் போய் ஐந்தாவதில் விட்டேன். ஒரு சாண் போனதும் மெத்தென்று இடித்தது. கல்லானால் டிங்கென்று சத்தம் வரும், மண்ணானால் கம்பி இறங்கும். இது இரண்டுமில்லை. திருகி இழுத்தேன். நுனியில் வெள்ளையாக ஒரு நார். சிமெண்ட் சாக்கு. கலவை உள்ளே போகாமல் இருக்கக் குழாயில் சாக்கைத் திணித்திருக்கிறார்கள், மற்ற பதின்மூன்றிலும் ஞாபகமாக எடுத்திருக்கிறார்கள்.

மேஸ்திரிக்கு போன் போட்டேன். கோத்தகிரியில் வேலையாம், திங்கட்கிழமை வருகிறாராம்.

டிசம்பர் 2

எந்தத் திங்கட்கிழமை என்று கேட்டிருக்க வேண்டும்.

டிசம்பர் 4

இவரே கம்பியை வளைத்துக் கொக்கி செய்து எடுத்துவிட்டார். சாக்கு முழுசாக வரவில்லை, கிழிந்து கிழிந்து வந்தது. கடைசித் துண்டோடு தண்ணீர் பீய்ச்சி அவர் ஸ்வெட்டரெல்லாம் சேறு. பத்து நிமிடமாகியும் கலங்கல் நிற்கவில்லை. "தேங்கினது போகுது, தெளிஞ்சிடும்" என்றார். தெளிவதற்குள் இருட்டிவிட்டது. வரும் வழியில் பாட்டி சொன்ன ஓடையைப் பற்றிச் சொன்னேன். ரொம்ப தூரம் பேசாமல் நடந்தார்.

டிசம்பர் 6

மழை. போக முடியவில்லை. வாணலி, கேஸ் லைட்டர், அத்தையின் மாத்திரை டப்பா தவிர எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. பால் காய்ச்சும் பித்தளைப் பானையை எதில் வைத்தேன்?

டிசம்பர் 8

பானை கிடைத்தது. கும்முட்டிக்குள்.

டிசம்பர் 9

நாற்காலி கட்டக் கயிறு வாங்கியாயிற்று. அத்தை சம்மதித்துவிட்டார், தலையை ரோட்டுப் பக்கம் வைக்கக் கூடாது என்று ஒரே கண்டிஷன்.

இவர் மட்டும் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு நனைந்து வந்தார். ஐந்தாவதில் என்ன வருகிறது என்றேன். "டீ கலர்ல வருது" என்றார்.

பால் விட்டதா, விடாததா என்று கேட்டேன்.