மட்டக்குதிரை வளர்ப்பவன் வீட்டில் இரவு என்பது

காலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டில் அலாரம் தேவையில்லை. எங்கள் மட்டக்குதிரை முத்து தகர வாளியை உதைப்பான், நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் தெருவே எழுந்துவிடும். நேற்று உதைக்கவில்லை.

தீவனம் தொடவில்லை. முன்காலால் மண்ணைப் பறித்தான், திரும்பித் திரும்பி விலாவையே பார்த்தான். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. அதனால் வயிற்றுவலி என்றால் விளையாட்டில்லை. கால்நடை மருத்துவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி குடிச்சானா?"

தப்பு என்னுடையதுதான். இந்த வெயிலில் நாளுக்கு 30 லிட்டருக்கு மேல் குடிப்பவன். தொட்டி வற்றியதை நான் கவனிக்கவில்லை.

ஊசி போட்டு, இரவு முழுக்க மெல்ல நடக்கவிட்டோம். மூன்று மணிக்கு லத்தி போட்டான். "போட்டுட்டான்டா!" என்று அம்மா கத்தியதில் பக்கத்து வீட்டு விளக்கும் எரிந்தது. லத்தியைப் பார்த்து இப்படி ஒரு சந்தோஷம் வருமென்று யார் நினைத்தார்கள்?

ஊர் எல்லையில் அய்யனாரின் மண்குதிரைகள் நிற்கின்றன. அவற்றுக்குச் சுண்ணாம்பும் வர்ணமும் போதும். இவனுக்குத் தினமும் குளம்பில் ஒட்டிய கல்லும் சாணமும் நோண்டி எடுக்க வேண்டும், ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வர வேண்டும்.

இன்று ஊறவைத்த கொள்ளு கிடையாது, புல் மட்டும். அதற்குத்தான் இப்போது வாளியை உதைத்துக்கொண்டிருக்கிறான்.