கீழ் குடோனில் ஊறிய தண்ணீரை மோட்டார் வைத்து வெளியேற்றிய அனுபவம்

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. 2006இல் அப்பா கட்டியது. தரைமட்டத்துக்குக் கீழே எட்டடியில் ஓர் அறை உண்டு. சுங்குடிச் சேலைக் கட்டுகளை அடுக்குவதற்காகவே கட்டியதால் வீட்டில் எல்லாரும் கீழ் குடோன் என்போம். அப்போதெல்லாம் தெப்பக்குளம் வறண்டுதான் கிடக்கும், பையன்கள் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடுவார்கள். எட்டடியில் தண்ணீர் வரும் என்று அப்பாவும் நினைக்கவில்லை, வீடு கட்டிய கொத்தனாரும் நினைக்கவில்லை.

இப்போது சில வருடங்களாக வைகையில் தண்ணீர் வரும்போது பனையூர் கால்வாய் வழியாகக் குளத்தை நிரப்புகிறார்கள். எங்கள் தெருவில் வறண்டிருந்த போர்வெல்கள்கூட உயிர் பெற்றுவிட்டன. குளம் ததும்பி நிற்பதைப் பார்த்தால் எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போகிறது. ஆனால் 2024 ஐப்பசியில் அதே தண்ணீர் எங்கள் குடோனுக்குள்ளும் வந்தது. தரையும் சுவரும் சேரும் மூலையில் முதலில் ஈரம் தெரிந்தது. ஒரு வாரத்தில் கணுக்கால் அளவு நின்றது. அடித்தட்டில் இருந்த பதினேழு கட்டுகள் நனைந்து, ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஏறிவிட்டது. ஒவ்வொரு புள்ளியும் கையால் முடிச்சுப் போட்ட சேலைகள். அம்மா அவற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டார்.

அவசரத்தில் ஒரு தவறு செய்தேன். நீர்க்கசிவை அடைப்பதாகச் சொன்ன ஒருவரிடம் 38,000 ரூபாய் கொடுத்துச் சுவரிலும் தரையிலும் உள்பக்கமாக ரசாயனப் பூச்சு அடித்தேன். கார்த்திகையில் தரையின் நடுவிலேயே பூச்சைப் பிய்த்துக்கொண்டு தண்ணீர் வந்தது. அப்புறம்தான் ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்து வந்தேன். முதலில் அவரைத்தான் கேட்டிருக்க வேண்டும். வெளியே நிலத்தடி நீர் குடோன் தரையைவிட ஒரு மீட்டர் உயரத்தில் நின்றால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஒரு டன் எடை கீழிருந்து மேலே தள்ளுவதற்குச் சமம். உள்ளிருந்து அடித்த பூச்சு அதை எப்படித் தாங்கும்? "தண்ணிக்கு ஒரு வழி குடுங்க, அங்கேர்ந்து எறச்சு வெளிய விடுங்க. அடைக்கப் பாத்தா அது வேற எடம் தேடும்" என்றார்.

அவர் சொன்ன வழி, குடோன் தரையில் ஒரு குழி தோண்டி, அதில் சேரும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைப்பது. தோண்டும் முன், வந்தது ஊற்று நீர்தானா என்று உறுதி செய்யச் சொன்னார். வீட்டின் குடிநீர்த் தொட்டியை நிரப்பி, வால்வை மூடி, மட்டத்தைக் கோடு போட்டு ஒரு நாள் விட்டோம். இறங்கவில்லை. கழிவறையில் கேசரிப் பவுடரைக் கரைத்து ஊற்றிப் பார்த்தோம். குடோனில் நிறம் வரவில்லை. சரி, நிலத்தடி நீர்தான்.

கடையில் பேசும்போது ஒரு சொல்லில் கவனமாக இருங்கள். நம் ஊரில் சம்ப் என்றால் குடிநீர் சேமிக்கும் தரைத்தொட்டி. "சம்ப்புக்கு மோட்டார் வேணும்" என்று நான் கேட்டதும் கடைக்காரர் ஓப்பன்வெல் மோட்டாரை எடுத்து வைத்தார். அது சுத்தமான தண்ணீருக்கானது, மண்ணும் சேறும் போனால் அடைத்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது, தண்ணீர் ஏறினால் தானாகக் கிளப்பி இறங்கினால் நிறுத்தும் மிதவை சுவிட்ச் வைத்த டீவாட்டரிங் பம்ப். கலங்கல் தண்ணீரையும் சிறு கசடையும் தள்ளிவிடும்.

எத்தனை குதிரைத்திறன் என்பதில் ஆளுக்கொரு பேச்சு. பிளம்பர் தம்பி, "அண்ணே, ஒன்றரை ஹெச்பி போட்டா நிம்மதி" என்றார். இன்ஜினியர் அளந்து பார்க்கச் சொன்னார். இரண்டரை அடி விட்டமுள்ள குழியில் பத்து சென்டிமீட்டர் ஏறினால் 45 லிட்டர். குழி தோண்டி அளந்தபோது அவ்வளவு ஏற எட்டு நிமிடம் ஆனது. மணிக்கு சுமார் 340 லிட்டர்தான். தூக்க வேண்டிய உயரம் குழியின் அடியிலிருந்து சாலையோர வடிகால் வரை 13 அடி. இதற்கு அரை ஹெச்பி தாராளம். மோட்டார் பெரிதானால் குழி நொடியில் காலியாகும், அடிக்கடி ஓடி ஓடி நிற்கும், மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் சீக்கிரம் எரிந்து போகும். குழியைப் பெரிதாக்குவதுதான் நல்லது.

வேலையைத் தை மாதம் தொடங்கினோம். தூணின் அடித்தளத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டவே கூடாது என்று இன்ஜினியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், தாழ்ந்த மூலையாக இருந்தும் அதை விட்டுவிட்டு நான்கடி தள்ளி இடம் குறித்தோம். தரையை உடைத்து, ஓரடி உயரமுள்ள நான்கு சிமெண்ட் உறைகளை இறக்கினோம். உறையில் துளை போட்டு, வெளியே வடிகட்டும் துணியைச் சுற்றி, இடைவெளியில் முக்கால் ஜல்லி நிரப்பினார் கொத்தனார். இந்தத் துணியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். தண்ணீரோடு மண்ணும் வெளியேறிக்கொண்டே இருந்தால் தரைக்கு அடியில் பொந்து விழும், கட்டடமே இறங்கும். முதல் இரண்டு நாள் கலங்கி வந்தது, அப்புறம் கண்ணாடி போலத் தெளிந்தது. தெளியாவிட்டால் வேலையை நிறுத்த வேண்டும். இரண்டு சுவரோரமும் நாலங்குல வாய்க்கால் வெட்டி, குழிக்கு வாட்டம் கொடுத்தோம்.

வெளியே தள்ளும் ஒன்றரை அங்குலக் குழாயில் திரும்பாத வால்வு வைத்தோம். அது இல்லாவிட்டால் மோட்டார் நின்றதும் குழாயில் நிற்கும் தண்ணீர் எல்லாம் குழிக்கே இறங்கிவிடும். எங்கே விடுவது என்பதில்தான் மறுபடியும் தடுமாறினேன். மழைநீர் சேகரிப்பு 2003லிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம் என்பதால் எங்கள் வாசலிலும் அதற்கான குழி இருந்தது. நல்ல தண்ணீரை வீணாக்குவானேன் என்று அதில் விட்டேன். மோட்டார் நிற்கவே இல்லை. வாசலில் இறங்கிய தண்ணீர் சுவரைச் சுற்றிக் குடோனுக்கே வந்துகொண்டிருந்தது. பிறகு குழாயைச் சாலையோர மழைநீர் வடிகால் வரை நீட்டினேன். பாதாளச் சாக்கடையில் இணைக்கக் கூடாது. மழைக்காலத்தில் அது ஏற்கெனவே நிறைந்து பொங்கும்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். தண்ணீர் நிற்கும் அறையில் மெயினை அணைக்காமல் கால் வைக்காதீர்கள். முதல் வாரம் நான் அப்படித்தான் இறங்கினேன், இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது. மோட்டாருக்குத் தனி லைன், எர்த், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் மூன்றும் அவசியம். பிளக் பாயிண்டைத் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் வைத்தோம். நல்ல மழையில்தான் கரண்ட் போகும், தண்ணீரும் அப்போதுதான் ஏறும். வீட்டில் இருந்த சின்ன இன்வெர்ட்டர் மோட்டாரைக் கிளப்பவே திணறியது, ஏனென்றால் ஓடத் தொடங்கும் நொடியில் மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பெரியதாக ஒன்று வாங்க வேண்டியதாயிற்று.

எனக்கு ஆன கணக்கு இது. கொத்தனாரும் இரண்டு ஆட்களும் மூன்று நாளுக்கு 9,000. உறை, ஜல்லி, துணி, சிமெண்ட், மூடி எல்லாம் 5,200. மோட்டார் மிதவையோடு 9,400. குழாய், வால்வு, பிளம்பர் கூலி 4,300. வயரிங் 5,600. மண் அள்ளிப் போக 1,500. ஆக 35,000 ரூபாய். இன்வெர்ட்டரும் பேட்டரியும் தனியாக 27,000. மோட்டாருக்குக் கொடுத்தது இரண்டும் சேர்ந்த 62,000 ரூபாயில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. விலை விசாரிக்கும்போது மோட்டார் விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். கரண்ட் செலவு பெரிதில்லை. அடைமழையிலும் மணிக்கு மூன்று நிமிடம்தான் ஓடுகிறது, நாளுக்கு ஒரு யூனிட்கூட ஆகவில்லை.

2025 ஐப்பசியில் ஒரு ராத்திரி மட்டும் பயந்தேன். மிதவை குழாய்க்குப் பின்னால் சிக்கி மோட்டார் கிளம்பவில்லை. தண்ணீர் வாய்க்கால் விளிம்புவரை வந்தபோது அம்மாதான் சத்தம் வரவில்லையே என்று கவனித்து எழுப்பினார். மறுநாளே மிதவையின் கயிற்றைக் குட்டையாக்கிக் குழியின் நடுவில் ஆடும்படி கட்டினேன். மேலே இன்னொரு மிதவை வைத்து மாடியில் மணி அடிக்கும்படி செய்தேன். மாதம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி மோட்டார் தானாகக் கிளம்புகிறதா என்று பார்க்கிறேன். புரட்டாசிக்குள் குழியின் அடியில் படிந்த சேற்றை அள்ளிவிடுகிறேன். சேலைக் கட்டுகள் இப்போது ஒன்றரை அடி உயரப் பலகைமேல் இருக்கின்றன.