இத்தாலிய ஊர்ப்பெயர்களில் அழுத்தம் தேடிய மூன்று மாதங்கள்

இத்தாலிய மொழியை எழுதியபடியே படித்துவிடலாம் என்று நம்பித்தான் கற்கத் தொடங்கினேன். நேப்பிள்ஸ் நகரின் பெயரை ‘ந-போ-லி’ என்று நடுவில் நீட்டிப் படித்தபோது, ஆசிரியர் என்னை நிறுத்தி, ‘நா-பொ-லி’ என்று முதல் அசையை நீட்டிச் சொல்லிக் காட்டினார். அன்றே இத்தாலியின் வரைபடத்தை விரித்து, ஊர்ப்பெயர்களை அசை பிரித்துக் குறிப்பேட்டில் எழுத ஆரம்பித்தேன்.

மி-லா-னொ, தொ-ரீ-னொ என்பவற்றைப் போலப் பெரும்பாலான சொற்களில் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழுகிறது. ரீ-மி-னி, மோ-தெ-ன, ஜே-னொ-வ போன்றவற்றில் அது இன்னும் ஓர் அசை முன்னே போய்விடுகிறது. வழக்கமான எழுத்தில் இதற்குக் குறியீடு இராது என்பதால், ஒவ்வொன்றையும் காதால் கேட்டே மனத்தில் பதிக்க வேண்டியிருந்தது.

நெடிலை அழுத்தக் குறியாகப் பயன்படுத்தியது எனக்குப் பெரிதும் உதவியது. இறுதி அல்லாத அசை ஒன்று உயிரில் முடிந்து அழுத்தமும் பெற்றால், அந்த உயிர் உண்மையிலேயே நீள்கிறது. ஆனால் ‘ப-லெர்-மொ’, ‘பிரின்-தி-சி’ ஆகியவற்றில் அழுத்தம் பெறும் அசை மெய்யில் முடிவதால் உயிர் குறிலாகவே நிற்கிறது; அங்கே அடிக்கோடு இட்டுக்கொண்டேன்.

இரட்டை மெய்யை இரண்டு அசைகளுக்கும் பகிர்ந்து பிரிப்பது தமிழ்க் காதுக்கு இயல்பானது. தாத்தாவைக் குறிக்கும் ‘நொன்-னொ’வும், ஒன்பதாவது என்னும் ‘நோ-னொ’வும் எனக்கு ஒருநாளும் குழம்பவில்லை. மாறாக, வல்லோசை வேண்டி ‘நாப்போலி’ என்று எழுதும் நம் வழக்கம் இங்கே இடறுகிறது, ஏனெனில் அந்தச் சொல்லில் இருப்பது ஒற்றைப் பகரம்தான்.

மிகுந்த உழைப்பு கேட்டது சிசிலியின் ‘செ-ஃப-லு’. இறுதி உயிரின்மேல் சாய்கோடு கட்டாயம் எழுதப்படுவதால் அழுத்தம் எங்கே என்பதில் ஐயமில்லை. ஆயினும் கைபேசியில் பதிந்து கேட்டபோது, அந்த உகரம் நம் பேச்சில் வரும் ‘சொல்லு’ போல இதழ் குவியாமல் தேய்ந்திருந்தது. அதைத் திருத்த முயன்றபோது ‘லூ’ என்று நீண்டுவிட்டது. குறுகியதாகவும் உறுதியாகவும் அதை ஒலிக்க இரண்டு வாரங்கள் ஆயின.

இப்போது ஒரே எழுத்துகள் கொண்ட மூன்று சொற்களில் நிற்கிறேன்: ‘கா-பி-த-னொ’ என்றால் நேர்கின்றன, ‘க-பி-தா-னொ’ என்றால் தலைவர், இறுதி அசையை அழுத்தினால் தலைமை தாங்கினார். முதல் இரண்டும் தடையின்றி வருகின்றன. மூன்றாவதில் இறுதி ஒகரம் இன்னும் நீள்கிறது.