குன்னூர்ல பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் தேடல்: ஃபேக்டரி தப்பு உள்ள பீஸ் மட்டும்

நான் சேக்குறது பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா (ரெண்டு பிம்பத்த ஒண்ணா சேத்து ஃபோகஸ் பண்ற கேமரா) லென்ஸ், அதுலயும் ஃபேக்டரியிலயே தப்பா செஞ்சு, செக் பண்றவங்க கண்ணுல படாம வெளிய வந்துட்ட பீஸ். நம்பர் மாத்தி வெட்டினது, கண்ணாடிக்குள்ள குமிழி நிக்கறது, ஒரு கண்ணாடி லேசா சாஞ்சு உக்காந்தது, இந்த மாதிரி. பெரும்பாலும் சோவியத் லென்ஸ்தான் தேடுறேன், நம்ம ஊர்ல அப்பப்ப கெடைக்குது, வெலயும் கைக்கு அடங்குது.

இந்த மழை சீசன்ல வந்ததுல எனக்கு ரொம்ப முக்கியமானது ஒரு ஜூபிட்டர்-8, 50 எம்எம், எஃப்/2. கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவ காலி பண்றப்ப சோர்க்கி-4ங்கற சோவியத் கேமரா பாடியோட சேத்துக் குடுத்தாங்க. மாஸ்கோ பக்கத்துல இருக்கற க்ராஸ்னகோர்ஸ்க் ஃபேக்டரி பீஸ், பிரிசம் வழியா வெளிச்சக் கோடு போற முத்திரை இருக்கு, சீரியல் 59ல ஆரம்பிக்குது, அப்டின்னா 1959. டிசைன் பழைய ஜெர்மன் ஸைஸ் ஸோனாரோடது, போர் முடிஞ்சப்புறம் ரஷ்யாவுக்குப் போனது. தப்பு எங்கன்னா அப்பர்ச்சர் ரிங்ல, அதாவது லென்ஸுக்குள்ள வெளிச்சம் போற ஓட்டைய பெருசு சிறுசு ஆக்குற ரிங்ல; நம்பர் கூடக் கூட ஓட்டை சின்னதாகும். 2, 2.8, 4, 5.6 வரைக்கும் சரியா வந்து அடுத்து 8 இருக்க வேண்டிய எடத்துல மறுபடி 5.6 இருக்கு, அப்புறம் 11, 16, 22ன்னு ஒழுங்கா போகுது.

இப்படி ஒண்ணு கைக்கு வந்தா உடனே குதிக்கக் கூடாது, ஏன்னா யாராவது பின்னாடி ரிங்க மாத்தி வெட்டியிருக்கலாம். அந்தக் காலத்துல இந்த மாதிரி நம்பர் வெட்டுறது பான்டோகிராஃப் மிஷின்ல, ஒரு பக்கம் அச்செழுத்து மேல முள்ள ஓட்டினா இன்னொரு பக்கம் கட்டர் அதே வடிவத்த சின்னதா வெட்டும், அதனால தப்பான அச்ச வச்சுட்டா தப்பான நம்பர் அப்படியே அழகா விழும். லூப் (பூதக்கண்ணாடி) வச்சுப் பாத்தேன், ரெண்டாவது 5.6ஓட பள்ளத்தோட ஆழம், 6ஓட வளைவு, உள்ள நிரப்பின கறுப்பு பெயிண்ட், அதுல படிஞ்ச அழுக்கு எல்லாமே பக்கத்து நம்பர்களோட ஒத்துப்போகுது. கீழ பழைய 8 இருந்து அத நிரப்பியிருந்தா அந்த எடத்துல உலோகம் வேற நிறமா தெரியும், ஒரு தடமும் இல்ல. ஸ்க்ரூ தலையில ஒரு கீறல் இல்ல, உள்ள இருக்கற கிரீஸ் காஞ்சு பிசின் மாதிரி ஆயிடுச்சு, ஆனா யாரும் தொட்டது இல்ல. அதுதான் எனக்கு பெரிய சந்தோஷம்.

அப்புறம் தப்பு நம்பர்ல மட்டுமா, அந்த ஓட்டைய அமைக்கற பிளேடுலயுமான்னு பாக்கணும்ல. மேகமூட்டமான நாள்ல வெளிச்சம் மாறாத நேரமா பாத்து மிரர்லெஸ் பாடியில அடாப்டர் போட்டு வெள்ளச் சுவர எடுத்தேன். மொத 5.6ல ஷட்டர் 1/250 செகண்ட் சரியா வந்துச்சு, ரெண்டாவது 5.6ல அதே வெளிச்சத்துக்கு 1/125 வேணும், 11க்கு 1/60. ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும், அப்ப ரெண்டாவது 5.6 உண்மையில 8தான், பிளேடு சரியா வேல செய்யுது, எழுத்து மட்டும் தப்பு. இந்த ஒரு டெஸ்ட்ட யாரும் விடவே கூடாதுன்னு சொல்வேன்.

இன்னொரு பீஸ் இண்டஸ்டார்-61, 55 எம்எம் எஃப்/2.8. இதுல ஒரு பக்கம் மட்டும் மங்கலா வருது. கேத்தி பள்ளத்தாக்குல வீடுங்க அடுக்கடுக்கா இருக்கும்ல, அத ஃபுல் ஓப்பன்ல (ஓட்டைய முழுசா தொறந்து) எடுத்தா வலது பக்கம் ஜன்னல் கம்பி வரைக்கும் தெரியுது, இடது ஓரம் கொழகொழன்னு இருக்கு. பனியா இருக்கலாம்னு கேமராவ தலகீழா புடிச்சு எடுத்தேன், அப்பவும் ஃப்ரேம்ல அதே பக்கம்தான் மங்கல், அப்ப லென்ஸ்தான். ஆனா இது ஃபேக்டரியில சாஞ்சதா, கீழ விழுந்து சாஞ்சதான்னு இன்னும் முடிவு பண்ணல. ஃபில்டர் ரிங்ல அடி பட்ட தடம் இல்ல, உள் ரிங்ல ஸ்பானர் போட்ட மாதிரி ஒரு சின்னக் கீறல் இருக்கு, அதுதான் உறுத்துது. கழட்டின லென்ஸ நான் ஃபேக்டரி தப்புன்னு கணக்குல சேக்க மாட்டேன்.

நெறய பேர் தப்பு இல்லாதத தப்புன்னு விக்கறாங்க, அத பத்தி சொல்லியே ஆகணும். சோவியத் 50 எம்எம் லென்ஸ லைகா பாடியில போட்டு ஃபுல் ஓப்பன்ல கிட்டத்துல எடுத்தா ஃபோகஸ் தள்ளிப் போகும், உடனே டிஃபெக்ட் பீஸ், ரேர் பீஸ்ம்பாங்க. ஜெர்மன் கேமரா லைகா, ஃபோகஸ் பொருத்துறதுக்கு வச்சிருக்கற லென்ஸ் ஃபோகல் நீளக் கணக்கு 51.6 எம்எம், சோவியத் லென்ஸ் இன்னொரு ஜெர்மன் கேமரா கான்டாக்ஸ் கணக்குல 52.4, மவுண்ட் ஒரே 39 எம்எம் மரையா இருந்தாலும் அளவு வேற, அவ்ளோதான். அதே மாதிரி எல்மார்னு லைகா லென்ஸ் பேர் வெட்டின சோவியத் இண்டஸ்டார் நெறய சுத்துது, அது ஃபேக்டரி தப்பு இல்ல, போலி. உண்மையான 50 எம்எம் எஃப்/3.5 எல்மார்ல பிளேடு மொத கண்ணாடிக்குப் பின்னாடியே இருக்கும், இண்டஸ்டார்-22ல ரெண்டாவது கண்ணாடிக்கு அப்புறம்தான், முன்னாடி இருந்து பாத்தாலே வித்தியாசம் தெரிஞ்சிடும்.

குமிழி பாக்கக் கத்துக் குடுத்தது எங்க தெருவுல இருக்கற ஒரு பெரியவர். ஊட்டியில 1960ல வந்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்ல வேல பாத்தவர், அவங்க தயாரிச்ச 'இந்து' பிராண்ட் ஃபிலிம் அவர் கை வழியா போயிருக்கு. "நேரா பாக்காதப்பா, டார்ச்ச சாச்சுப் புடி, உருண்டையா ஓரம் மினுங்குனா குமிழி, வேர் மாதிரி கிளை பிரிஞ்சா பங்கஸ்"ன்னாரு. அந்த மாதிரி சாச்சுப் பாத்தப்பதான் இன்னொரு ஜூபிட்டர்ல ரெண்டு குமிழி தெரிஞ்சுது, சின்னதா இருந்தா படத்துல ஒண்ணும் தெரியாது, ராத்திரி பஜார் விளக்க மங்கலா விட்டு எடுத்தா மட்டும் வெளிச்ச வட்டத்துக்குள்ள ஒரு புள்ளியா வருது. எனக்கு அந்தப் புள்ளி ரொம்பப் புடிச்சிருக்கு.

இங்க ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் பங்கஸ்கிட்ட இருந்து காப்பாத்துறதே பெரிய வேல. காத்து போகாத டப்பாவுல சிலிகா ஜெல், கூடவே சின்ன ஈரப்பத மீட்டர், 40ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள வச்சிருக்கேன். ரொம்ப காயவும் விடறதில்ல. லெதர் கேஸ்ல மட்டும் லென்ஸ வைக்காதீங்க, தோல் ஈரத்த உறிஞ்சி அப்படியே வச்சுக்கும்.

அடுத்து ஜனவரி வெயில்ல இண்டஸ்டார இருட்டு ரூம்ல ஒரு சின்ன ஊசி ஓட்ட வெளிச்சத்த எடுத்து நாலு மூலையையும் ஒப்பிட்டுப் பாக்கப் போறேன், வெளிச்சப் புள்ளியோட வால் எந்தப் பக்கம் நீளுதுன்னு பாத்தா எந்த அளவுக்கு சாஞ்சிருக்குன்னு தெரியும். ஸ்பானர் கீறல் பத்தி பழைய கேமரா ரிப்பேர் பாத்த யாராவது கோயம்புத்தூர்ல இருந்தா காட்டணும். ஜூபிட்டர் கிரீஸ மாத்தப் போறதில்ல, ரிங் டைட்டாதான் திரும்புது, திரும்பட்டும்.